சுமைதாங்கிக் கல்லும் செவிலியரின் பதிவேடும்

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, ஓர் ஆளின் தோள்மட்டத்துக்கு அமைத்திருப்பார்கள். விறகுக் கட்டோ நெல் மூட்டையோ தலையில் சுமந்து வருகிறவர், இன்னொருவர் கைகொடுக்காமலே சுமையை அதில் நகர்த்திவைத்து இளைப்பாறலாம். பிறகு தானே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் அதை நடுவது வழக்கம். அவள் சுமையை இறக்காமலே போய்விட்டாள். வழிப்போக்கர்கள் இறக்கும் ஒவ்வொரு சுமையிலும் அவளுடையது கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை.

நாட்டார் வழக்காற்றியல் பாடத்தில் இந்தக் கல்லை ஒரு பிரதியாக வாசிக்கச் சொல்வேன். மாணவிகளுக்கு உடனே பிடித்துவிடும். படிமம் அப்படி. நானும் கவிதை எழுதுகிறவள் என்பதால் அதன் ஈர்ப்பு எனக்குத் தெரியும். ஆனால் வாசிப்பு அங்கே நின்றுவிடக் கூடாது. அவள் எதனால் செத்தாள்? எத்தனை மணி நேரம் ரத்தம் போனது? வண்டி கட்ட யார் சம்மதிக்க வேண்டியிருந்தது? கல் இதில் எதையும் சொல்லாது. துக்கத்தை மட்டும் ஏற்றிக்கொள்ளும், கேள்வியை ஏற்றிக்கொள்ளாது. ஊருக்குப் பயன்படும் ஒரு தர்மமாக அவள் சாவு மாறிய பிறகு அதைப் பற்றி விசாரிக்க எவருக்கும் தோன்றாது. அந்தச் சாலையில் அடுத்த தலைமுறையிலும் ஒரு கல் நடப்பட்டிருக்கும்.

பிரசவம் பெண்ணுக்கு மறுபிறப்பு என்ற சொல்வழக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிழைத்துவந்தவளுக்குச் சொல்லும் ஆறுதல் அது. ஆனால் சாவு இயல்பு, பிழைப்பது வரம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ‘பேறு’ என்ற சொல்லிலேயே ஈனுவதும் கிடைத்தற்கரியதைப் பெறுவதும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. புறநானூற்றில் பொன்முடியார் பாடிய பாட்டு (312) நம் எல்லோருக்கும் மனப்பாடம். பெறுவது தாயின் கடமை என்று தொடங்கி, தந்தைக்கு, கொல்லனுக்கு, வேந்தனுக்கு, கடைசியில் காளைக்கு என்று வரிசையாகக் கடமைகளைப் பங்கிடும் பாட்டு. பாடியவரும் பெண்தான். பெறுகிறவள் உயிரோடு எழுந்திருக்கப் பார்த்துக்கொள்வது யார் கடமை என்று அந்தப் பங்கீட்டில் இல்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். பாட்டிடம் நான் எதிர்பார்க்கவில்லை. இன்றும் அதை மேடையில் பொருளோடு ஒப்பிக்கிற நம்மிடம் எதிர்பார்க்கிறேன்.

ஐடா ஸ்கடரின் கதையையும் இந்த வரிசையில் வைக்கிறேன். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க அந்த இளம்பெண்ணை அழைத்தார்கள். எனக்கு மருத்துவம் தெரியாது, மருத்துவரான என் அப்பா வருவார் என்றாள். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படித்தார். வேலூர் மருத்துவமனையும் பெண்களுக்கான மருத்துவக் கல்வியும் பிறந்தன. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் நான் படித்த வடிவங்களில் எல்லாம் அந்தக் கணவர்களின் மதமும் சாதியும் இருக்கின்றன, இறந்த மூவரின் பெயர் இல்லை. ஒரு பெண்ணுக்கு வந்த தெய்வ அழைப்பின் கதையாக அது நிலைத்துவிட்டது. மூன்று பெண்கள் தடுக்கக்கூடிய காரணத்தால் செத்த கதையாக அதை யாரும் சொல்வதில்லை.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி, தன் அம்மா கிராம சுகாதார செவிலியர் என்றும், அவர் பதிவேட்டில் இந்தக் கேள்விகள் எல்லாம் இருக்கின்றன என்றும் சொன்னாள். அடுத்த வாரம் யார் பெயரும் எழுதப்படாத பழைய வெற்றுப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஓரம் மடிந்த, நீளவாக்கில் விரியும் நோட்டு. என் இலக்கிய வாசிப்புக்கு அது புதிய பிரதி.

கடைசி மாதவிலக்குத் தேதி, எத்தனையாவது கர்ப்பம், முந்தைய பிரசவம் எப்படி, எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சிறுநீரில் சர்க்கரை, உப்பு, தடுப்பூசி, கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை எத்தனை. ஒவ்வொரு கட்டமும் ஒரு சாவின் வழியை முன்கூட்டியே மறிப்பதற்கு இருக்கிறது. ரத்த அழுத்தக் கட்டம், ஏழாம் எட்டாம் மாதத்தில் முகமும் காலும் வீங்கி, தலைவலி என்று படுத்து, வலிப்பு வந்து போகிற பெண்ணுக்காக. அவளைப் பேய் அடித்துவிட்டது என்று வேப்பிலை அடித்த ஊர்கள்தாம் நம்முடையவை. ஹீமோகுளோபின் கட்டம் ரத்தப்போக்குக்காக. பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது. அப்படி ஆரம்பித்த போக்கு இரண்டு மணி நேரத்தில் ஓர் உயிரைக் கொண்டுபோய்விடும். உடம்பில் போதிய ரத்தம் உள்ளவள் அரை லிட்டர், முக்கால் லிட்டர் இழப்பைத் தாங்குவாள். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே உள்ளவள் தாங்க மாட்டாள். அதனால் அவளைக் காப்பாற்றும் வேலை பிரசவ அறையில் தொடங்குவதில்லை. நாலாம் மாதத்தில் அவள் வீட்டுத் திண்ணையில் தொடங்குகிறது. மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று அவள் சொல்வதை ஒருத்தி உட்கார்ந்து கேட்பதில் தொடங்குகிறது.

ஆரம்ப சுகாதாரம் என்பது இதுதான். பெரிய ஆஸ்பத்திரியின் ஏழைத் தங்கை என்று அதை நினைக்கிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு. 1946இல் போர் குழு அறிக்கை ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது; மகப்பேறு மருத்துவரான ஏ. லட்சுமணசாமி முதலியார் அந்தக் குழுவில் இருந்தார். 1978இல் அல்மா-அட்டாவில் உலக நாடுகள் கூடி, அனைவருக்கும் நலவாழ்வுக்கு இதுவே வழி என்றன. இன்றைய நம் கணக்கு, சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம். மலைப்பகுதியில் 20,000, 3,000. அந்த 5,000 பேரின் கர்ப்பங்கள், பிரசவங்கள், குழந்தைகளின் தடுப்பூசிகள், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் ஒரே பெண்ணின் தலையில். ஊரில் அவருக்குப் பெயர் நர்சம்மா.

எண்களையும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இறக்கும் தாய்மார் 2001-03இல் 134 பேர்; 2018-20இல் 54 பேர். இந்திய அளவில் 301 ஆக இருந்தது 97 ஆகியிருக்கிறது. ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 2020இல் இங்கே 13, நாட்டில் 28. கேரளத்தில் அதே 2018-20இல் தாய் இறப்பு 19 என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நம் பெருமை அளவுக்கு மீறிவிடும். 54க்கும் 19க்கும் நடுவே செத்தவர்கள் இங்கே பிறந்ததால் செத்தவர்கள்.

இந்த இறக்கத்துக்குக் காரணம் கேட்டால் திட்டங்களின் பெயர்களைச் சொல்வார்கள். தனியான பொது சுகாதாரத் துறை, 1994இல் உருவான மருத்துவப் பணிகள் கழகம், 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், ரத்தமும் அறுவை சிகிச்சையும் உள்ள சீமாங்க் மையங்கள், 2008இல் வந்த 108. எல்லாம் உண்மை. மருந்து இருப்பில் இருக்கிறது, வண்டி வருகிறது என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்தப் பட்டியலின் எழுவாய் எப்போதும் அரசு. இரவு இரண்டு மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தின் கதவைத் திறந்தது யார்? மூன்று செவிலியர்கள் முறைவைத்து வேலை பார்ப்பதால்தான் ‘24 மணி நேரம்’ என்ற சொல் பலகையில் நிற்கிறது. அவர்களில் பெரும்பகுதியினரை ஒப்பந்தத்திலும் தொகுப்பூதியத்திலும் வைத்தார்கள். 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்டவர்கள் அவர்கள்தாம். அப்போது அவர்கள் வாங்கியது மாதம் 7,700 ரூபாய். தாய் இறப்பு குறைந்ததற்கு விருது வாங்கிய மேடைகளில் அவர்கள் இல்லை. பெண்ணின் உழைப்பை அன்பு என்றும் சேவை என்றும் பெயர் மாற்றி மலிவாக வாங்குவதை நாம் வீட்டுக்குள் நன்றாகவே கண்டுபிடிக்கிறோம். அரசு அதைச் செய்யும்போது ‘செவிலித்தாய்’ என்ற சொல்லில் நாமும் கொஞ்சம் மயங்கிவிடுகிறோம்.

அவர்களுக்கு முன்னால் அந்த வேலையைச் செய்த மருத்துவச்சிகளையும் மறக்கக் கூடாது. பெரும்பாலும் நாவிதர் சமூகத்துப் பெண்கள். கொப்பூழ்க்கொடி அறுப்பது தீட்டு வேலை என்பதால் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. கூலியாக நெல்லும் பழைய சேலையும். உயிரைக் கையில் ஏந்தியவளை அடுத்த நாள் வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊர். இன்றைய செவிலியரின் குறைந்த சம்பளத்துக்கும் அந்த வாசலுக்கும் உறவு இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இனி அந்தப் பதிவேட்டின் இருண்ட பக்கம். 1990களில் தருமபுரி, சேலம் வட்டாரத்தில் பிறந்த சில நாட்களில் இறந்த பெண் குழந்தைகளை ஆரம்ப சுகாதார நிலையப் பதிவுகள் எப்படி எழுதின தெரியுமா? இறப்புக்கான காரணம் என்ற கட்டத்தில் ‘சமூகக் காரணம்’. பெண்சிசுக் கொலையைக் குறிக்கும் அலுவலகச் சொல் அது. ஷீலா ராணி சுங்கத்தும் வி.பி. ஆத்ரேயாவும் 1997இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்தப் பதிவுகளைக் கொண்டுதான் கொலையின் பரப்பை எடுத்துக்காட்டியது. அந்தச் சொல்லை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். ஒரு பக்கம் அது மூடிமறைக்கும் சொல். கள்ளிப்பால் என்று எழுதாமல், யார் கை என்று எழுதாமல், ‘சமூகம்’ என்ற முகமில்லாத ஒன்றின்மேல் போடுகிறது. இன்னொரு பக்கம், மூச்சுத்திணறல் என்றோ காய்ச்சல் என்றோ எழுதிவிட்டுப் போயிருக்கலாம், எழுதவில்லை. அதே ஊரில் மறுநாளும் தனியாக நடந்துபோக வேண்டிய ஒரு பெண் அந்தச் சொல்லை எழுதினாள். அவளால் அவ்வளவுதான் எழுத முடிந்தது. அந்த அளவு எழுதியதால்தான் வெளியே தெரிந்தது. இலக்கிய விமர்சனத்தில் நாம் மௌனங்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்த இரண்டு சொற்களையும் பாடத்தில் வைக்கலாம்.

தாய் இறப்புத் தணிக்கை இன்னொரு பிரதி. 1990களின் நடுவில் தமிழ்நாடு தொடங்கிய நல்ல வழக்கம்: ஒரு கர்ப்பிணி இறந்தால் வீட்டுக்குப் போய், குடும்பத்திடமும் ஊழியர்களிடமும் கேட்டு, எங்கே தவறியது என்று எழுதுவது. சுமைதாங்கிக் கல் கேட்காத கேள்வியை அரசே கேட்கத் தொடங்கிய இடம். அதன் அடிப்படை மூன்று தாமதங்கள். மருத்துவமனைக்குப் போவது என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இதில் முதல் தாமதத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். முடிவெடுக்க வேண்டியவர் யார்? வலி எடுத்தவள் இல்லை. கணவன் வெளியூரில், மாமனார் வயலில், மாமியார் ‘நான் ஆறு பெத்தேன்’ என்கிறார். கையில் காசு இல்லாதவள், தன் உடம்பைப் பற்றித் தானே வாய்திறந்து பழகாதவள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். படிவத்தில் இது ‘கொண்டுவரத் தாமதம்’ ஆகிறது. கொண்டுவரப்படும் பொருள் அவள். மூன்றாம் தாமதம் பெரிய மருத்துவமனைகளில் நேர்வது. ஆய்வுக் கூட்டத்திலோ எழுந்து நின்று பதில் சொல்கிறவர் பெரும்பாலும் துணை நிலையத்துச் செவிலியர் என்று அந்த வேலையில் உள்ள பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தணிக்கை இல்லாமல் போகட்டும் என்று சொல்லவில்லை. அதன் வாக்கியங்களில் எழுவாய் சரியான இடத்தில் இருக்கட்டும் என்கிறேன்.

பணம் கொடுக்கும் திட்டத்துக்கும் இது பொருந்தும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, 2018இல் 18,000. கர்ப்ப காலத்தில் கூலிக்குப் போகாமல் சில வாரம் படுக்க அது உதவியிருக்கிறது. அந்த அளவில் அதை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும், 19 வயது நிறைந்தவளுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. மூன்றாவது பிள்ளை சுமக்கிறவளும் பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளும்தான் ரத்தசோகையிலும் ஆபத்திலும் முன்னால் நிற்கிறார்கள். ஆண்பிள்ளை வேண்டுமென்று மூன்றாவதை முடிவுசெய்தது யாரோ, தண்டனை வயிற்றுக்காரிக்கு. சட்டமன்றத்துக்குப் போன முதல் இந்தியப் பெண், பெண்ணின் திருமண வயதை உயர்த்தப் போராடியவர். அவர் பெயரில் இந்த நிபந்தனை இருப்பது எனக்கு உறுத்துகிறது.

சமுதாய வளைகாப்பைப் பற்றிக் கேட்பீர்கள். மாணவிகள் நடுவே இரண்டு கட்சி உண்டு. வளையலும் கலந்த சாதமும் கொடுத்து, கூட்டமாக உட்காரவைத்து, சாதி பாராமல் சந்தனம் பூசுவது நல்லதுதானே என்பது ஒன்று. வரும் பெண்களுக்கு அங்கேயே சத்துணவு பற்றிச் சொல்லவும் முடிகிறது. என் தயக்கம் வேறு. வளைகாப்பு ஒரு சுமங்கலிச் சடங்கு. அரசு அதை நடத்தும்போது, கர்ப்பிணி என்றால் பூவும் பொட்டும் வைத்த மனைவி என்று முத்திரை விழுகிறது. கைவிடப்பட்டவள், கணவனைப் பறிகொடுத்தவள், மணமாகாமல் சுமக்கிறவள் எந்தப் பாயில் உட்காருவாள்? கருக்கலைப்புச் சட்டம் 1971இலேயே வந்தது. மணமாகாதவளுக்கும் மணமானவளுக்கும் அதில் வேறுபாடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொன்னது. ஆனால் ஊர் நிலையத்தில் ‘வீட்டுக்காரர் வரலையா?’ என்ற ஒரு கேள்வி போதும், அவள் திரும்பிப் போய்ப் பெட்டிக்கடையில் மாத்திரை கேட்பாள். அந்தச் சாவும் தாய் இறப்புதான்.

‘தாய்சேய் நலம்’ என்ற தொடரை நாம் ஒரே சொல்லாகவே உச்சரிக்கிறோம். சேய் இல்லாதபோது அந்தத் தாய் எங்கே போகிறாள்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில் நடக்கும் மாநிலத்தின் எண் இது. பிரசவ அறை வரை பெண்ணைக் கொண்டுபோய்விட்டோம், அவள் தட்டு வரை போகவில்லை. கடைசியில் சாப்பிடுகிறவள், மாதாமாதம் அதிக ரத்தம் போனாலும் வெளியே சொல்லாதவள், கர்ப்பம் தரித்த பிறகு ஐந்து மாதத்தில் மாத்திரையால் ஈடுகட்டச் சொன்னால் முடியுமா? அதே ஆய்வில் 45 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சை. கத்தி சில உயிர்களைக் காக்கிறது, தெரியும். ஆனால் இரண்டில் ஒன்று என்று நெருங்கும்போது, பொறுமையாக உட்கார்ந்து இயல்பான பிரசவம் பார்க்கத் தெரிந்த ஊர்ச் செவிலியரின் கைக்கு வேலை குறைகிறது, கைப்பழக்கமும் குறைகிறது. பெண்களே அங்கே போகத் தயங்குகிறார்கள், ‘அங்க டாக்டர் இருக்க மாட்டாங்க’ என்று. இருக்கும்படி செய்யச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டு நகைக்கடன் வாங்கித் தனியார் மருத்துவமனைக்குப் போகிறோம்.

கட்சிரோலியில் ராணி பங் தம் குழுவினரோடு இரண்டு கிராமங்களில் செய்த ஆய்வை 1989இல் லான்செட் இதழ் வெளியிட்டது. பரிசோதிக்கப்பட்ட பெண்களில் 92 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் ஒருமுறையாவது அதற்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள் 8 விழுக்காடு. கர்ப்பத்துக்கு வெளியே அந்தப் பெண்களின் உடம்பை யாரும் பார்க்கவில்லை. மகாராஷ்டிரத்துக் கதைதானே என்று நகர்ந்துவிட முடியாது. உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், கடைசிப் பிள்ளைக்குப் பிறகு எந்த மருத்துவர் அவரைப் பரிசோதித்தார் என்று. என் வகுப்பில் கேட்டபோது பலரும் பெஞ்சைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

மாணவி கொடுத்த பதிவேட்டில் தாய்க்கான கட்டங்கள் பிரசவத்துக்குப் பின் 42ஆம் நாளோடு முடிகின்றன. உலக அளவிலான வரையறையும் அதுதான்: கர்ப்பம் முடிந்து 42 நாளுக்குள் இறந்தால் தாய் இறப்பு. பிள்ளை பெற்ற பிறகு மனம் கலங்கி, தூக்கமில்லாமல், பெண் பிள்ளையா என்ற ஏச்சைக் கேட்டபடி, மூன்றாம் மாதம் கிணற்றில் குதிக்கிறவள் அதில் வர மாட்டாள். ஆறு வாரம் முடிந்ததும் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டும். அடுத்து பத்தாவது, பதினாலாவது வாரம். அந்த நாட்களில் தாய் கண்டிப்பாக வருகிறாள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். மாணவியின் அம்மா அப்போது ‘சாப்பிட்டியாடி, தூங்குறியா’ என்று கேட்பாராம். சில பேர் அழுதுவிடுவார்களாம். அதை எங்கே எழுதுவீர்கள் என்று ஒருநாள் தொலைபேசியில் கேட்டேன். “அதுக்குக் கட்டம் இல்லையே மேடம். குழந்தை எடையை மட்டும் போடுவேன்” என்றார்.